கண் கட்டு வார்டில் தங்கமணி

கண் ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டர் வேலை என்றால், ஒரு கண்ணில் கட்டும் மறு கண்ணில் புரையுமாக வரிசையாகப் படுத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பாத்ரூம் போக எழுந்திருப்பார்கள் என்று அர்த்தம். அந்தப் பாடு பட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். தொண்ணூறுகளில், சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரியில் நானும் பட்டேன்.

முன்வாசல் நாற்காலி

தங்கமணி கருமத்தம்பட்டிக்காரி. பிறவியிலேயே பார்வை கிடையாது. சம்பளம் வேண்டாம், கொஞ்ச நாள் பாருங்கள், பிடித்தால் வேலை கொடுங்கள் என்று மேனேஜரிடம் கேட்டு வந்து சேர்ந்தாள். என்ன அவசரம் என்று விசாரித்தேன். தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாம். அதற்கப்புறமும் அந்த வீட்டில் அடுத்தவர் கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க அவளுக்கு மனசில்லை.

மேனேஜர் நல்ல மனுஷன்தான். வருகிறவர்களுக்கு வழி சொல்லட்டும் என்று முன்வாசலில் நாற்காலி போட்டுக் கொடுத்தார். கண் ஆஸ்பத்திரி வாசலில் கண் தெரியாத பெண்! எங்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை பாருங்கள். முதல் நாளே, ஆப்ரேஷனுக்கு வந்த தோட்டத்துக்காரர் ஒருத்தர் அவளை உற்றுப் பார்த்துவிட்டு, கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டார். போகிற போக்கில் என்னிடம் ரகசியமாகக் கேட்டார்: "ஏனுங்க, அந்த அம்மணிக்கும் இங்கதான் ஆப்ரேசன் பண்ணுனீங்களா?"

சோறு எந்தப் பக்கம்

மேனேஜர் பயந்துபோய் அவளை என் பெண்கள் வார்டுக்குள் தள்ளிவிட்டார். இருக்கிற கூட்டம் போதாதென்று இவளையும் நான் கைபிடித்து நடத்த வேண்டுமா என்று எனக்கு எரிச்சல்.

மத்தியானச் சாப்பாடு வந்தது. வழக்கமாகப் பாதிச் சோறு படுக்கையில்தான் கிடக்கும். அன்று தங்கமணி கட்டில் கட்டிலாகப் போனாள். ஒவ்வொருவர் விரலையும் தட்டின் விளிம்பில் வைத்து, சோறு உங்க பக்கம், பொரியல் எதிர்ப்பக்கம், டம்ளர் சுவரோரம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சாப்பிட்டு முடித்ததும், சுவரைத் தொட்டபடி பாத்ரூம் போகவும் பழக்கிவிட்டாள். நான் வேலையைப் போட்டுவிட்டு வாயைப் பிளந்து நின்றேன். பெருக்க வந்த ஆயாவுக்கும் ஒன்றும் புரியவில்லை: "சிஸ்டர், இன்னைக்குப் பெருக்கறதுக்குச் சோறே காணமுங்க."

கட்டைப் பிரித்த காலை

காங்கேயத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். பார்வை வராமல் போய்விட்டால் செத்துப்போவதே மேல் என்று ஓயாத அழுகை. ஆப்ரேஷன் செய்த கண், அழக்கூடாது என்று நாங்கள் சொல்லச் சொல்ல அழுகை கூடியது. தங்கமணி பக்கத்தில் உட்கார்ந்து, மாடு கன்று, மருமகள் என்று பேச்சுக் கொடுத்தே அடக்கினாள். தினமும் கையைப் பிடித்து வராந்தாவில் நடக்கவைத்தாள். தன்னைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை.

கட்டைப் பிரித்ததும் அந்த அம்மா தங்கமணியைத்தான் தேடினார். குரலை வைத்து அடையாளம் கண்டு, முகத்தைப் பார்த்தார். அப்புறம் அவள் கண்களைப் பார்த்தார். அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏங்கண்ணு, இத்தனை நாளா என்னையக் கூட்டிட்டு நடந்தது நீயா?"

விளம்பரம்

தம்பி கல்யாணம் நெருங்கிவிட்டது. சம்பளமில்லாத வேலைக்கு இனிமேல் அனுப்ப மாட்டோம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். மேனேஜர் கையைப் பிசைந்தார். அப்படியொரு வேலையே ஆஸ்பத்திரியில் கிடையாதாம். புதிதாக உண்டாக்கினாலும் விளம்பரம் கொடுத்துத்தான் ஆள் எடுக்க வேண்டுமாம். டிகிரிக்காரர்கள் வரிசையில் வந்து நின்றால் இவளுக்கு எப்படிக் கொடுப்பது என்றார்.

நான் விடவில்லை. அவரையும் தங்கமணியையும் பெரிய டாக்டர் அறைக்கு இழுத்துப் போனேன். டாக்டர் தினமும் வார்டைச் சுற்றி வருகிறவர், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். தங்கமணி புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள். டாக்டர் கைகழுவியபடியே மேனேஜரிடம் சொன்னார்: "தாராளமா விளம்பரம் குடுங்க. கண்ணு தெரிஞ்சவங்க விண்ணப்பிக்க வேண்டாம்னு மட்டும் மறக்காமப் போட்டுருங்க."

தங்கமணிக்கு வேலை கிடைத்தது. என் இத்தனை வருஷ சர்வீஸில், தகுதி போதாதென்று நானே ஒதுங்கிக்கொண்ட வேலை அது ஒன்றுதான்.