நீந்தத் தெரியாத மனிசன்

என் கணவருக்கு நீந்தத் தெரியாது. இதை முதலில் சொல்லாவிட்டால், அறுபதை எட்டிப்பிடிக்கிற வயதில் நான் ஏன் தனியே நெடுந்தீவுக்குப் போய், முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் இறங்கினேன் என்பது ஒருவருக்கும் விளங்காது. விசர் என்றுதான் சொல்வார்கள். சொன்னார்கள்.

பண்டத்தரிப்பில் வெங்காயமும் புகையிலையும் செய்த மனிதர் அவர். கையில் மண்வெட்டியைக் கொடுத்தால் பொழுது சாயும்வரை தோட்டத்தில் நிற்பார். தண்ணீர் முழங்காலுக்கு மேலே வந்தால் போதும், முகம் வெளிறிவிடும். கீரிமலைக்குக் கூட்டிப்போனாலும் கேணிப் படியில் குந்தியிருந்து செம்பால் அள்ளி வார்ப்பார். “உடம்பு நனைஞ்சால் காணும்தானே” என்பார்.

அந்த மனிதரைத்தான் கொண்டுபோய்க் கடலில் விட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. பாடை வாசல் படலையைத் தாண்டும் மட்டும்தான் எங்களுக்கு. அதற்கப்பால் எல்லாம் ஆண்களின் வேலை. அடுத்த நாள் காடாத்து என்று போய்ச் சாம்பலை அள்ளி, அப்படியே கீரிமலைக் கடலில் கரைத்துவிட்டு வந்தார்கள். என்ரை அண்ணை ஈர வேட்டியோடு வந்து முற்றத்தில் நின்று, “எல்லாம் வடிவாய் முடிஞ்சுது. கடலிலை விட்டாச்சு” என்றார்.

“எவ்வளவு ஆழத்திலை விட்டனியள்?” என்று கேட்டேன்.

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “பாவம், கவலையிலை அலட்டுறாள்” என்று ஒரு மச்சாள் என் தலையைத் தடவினாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளுடைய கையைத் தட்டிவிட்டேன். நான் அலட்டவில்லை. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டேன்.

அதன்பிறகு கனவு வரத் தொடங்கியது. பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நிற்பார். கையில் எங்கள் கிணற்றுக் கயிறு இருக்கும். சுற்றிவரத் தண்ணீர்தான், கரை தெரியாது. என் பக்கம் திரும்பி, சந்தையில் விலை கேட்கிற மாதிரி, “இஞ்சாரும், ஆழமோ?” என்பார். எனக்கு மறுமொழி தெரியாது. வாயைத் திறக்க முதல் விழித்துவிடுவேன். இரண்டு மாரி போயும் அந்தக் கனவு போகவில்லை. மருதனார்மடத்து ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தினேன். அதற்குப் பிறகும் ஆழமோ, ஆழமோ என்றுதான் கேட்டுக்கொண்டு நின்றார்.

கிணற்றுக் கயிற்றின் கதையையும் சொல்லவேண்டும். எங்கள் வீட்டுக் கிணற்றில் வாளி அறுந்து விழுந்தால் பாதாளக்கரண்டி போட்டுத் துழாவி எடுப்பதுதான் முறை. எங்களிடம் அது இல்லை, அயலில் இரவல் வாங்கவேண்டும். வாங்கி வந்து, கொளுக்கி மாட்டும் மாட்டும் என்று குனிந்து நின்று கொண்டிருக்க எனக்குப் பொறுமை ஏது? சின்னவயதில் தமையன்மாரோடு கிணற்றில் குதித்துப் பழகியவள் நான். சட்டைக்கு மேலே ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவேன். அவருக்கு உயிர் போய் உயிர் வரும். என் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு கிணற்றுக் கட்டோடு நிற்பார்.

தண்ணீருக்குள் அவருடைய சத்தம் கேட்காது. அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. அவர் ஒரு தரம் சுண்டி இழுத்தால், காணும், மேலே வாரும். நான் இரண்டு தரம் இழுத்தால், வாறன், கொஞ்சம் பொறுங்கோ. நான் அடியில் மூச்சை அடக்கிக்கொண்டு அண்ணாந்து பார்ப்பேன். மேலே வட்டமாக வெளிச்சம், அந்த வட்டத்தின் விளிம்பில் அவருடைய தலை. அந்தத் தலை அங்கே இருக்கும்வரை எனக்கு ஒரு பயமும் வந்ததில்லை.

நெடுந்தீவில் சிலிண்டர் கட்டிச் சுழியோடக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கைபேசியில் பார்த்த அன்றே முடிவெடுத்துவிட்டேன். கனடாவில் இருக்கும் மகள் தொலைபேசியில் குதித்தாள். “அம்மா, உங்களுக்கென்ன விசரே? தனியவோ போறியள்?”

“ஓம், தனியத்தான். உன்ரை அப்பாவுக்கு ஒரு மறுமொழி சொல்லக்கிடக்கு. அதுக்கு ஆக்களைச் சேர்த்துக்கொண்டோ போறது?”

பிறகு, “டொக்டரிட்டை ஒருக்காக் காட்டிப்போட்டுப் போங்கோ” என்றாள். காட்டினேன். இருதயம் நன்றாக இருக்கிறது என்றார். இருதயத்தைப்பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனி மாதம். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. குறிகட்டுவானில் படகேறும்போது, கையில் கொறிக்க ஒரு கடதாசிச் சரை புழுக்கொடியலோடு நான் மட்டும்தான் தனி. கீரிமலை அங்கே, நெடுந்தீவு இங்கே என்று எனக்கும் தெரியும். ஆனால் கடலுக்கு வேலி போட்டவர் யார்? இங்கே இறங்கிச் சொன்னாலும் அவருக்குக் கேட்கும் என்று நம்பினேன். நம்பாமல் எப்படி அந்த றப்பர் உடுப்புக்குள் ஏறியிருப்பேன்! பயிற்சி தரும் பிள்ளை என்னை அதற்குள் திணிக்கப் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

அவள் வடகரையில் ஒரு கடலோடிக் குடும்பத்துப் பெண். முப்பது வயதிருக்கும். “அன்ரி, முந்தி நீந்தியிருக்கிறியளோ?” என்று கேட்டாள்.

“கிணத்துக்குள்ளை.”

“கிணத்துக்குள்ளையோ! அந்தப் பழக்கத்தை இஞ்சை கொண்டுவந்திடாதேங்கோ. அங்கை மூச்சை அடக்கோணும். இஞ்சை அடக்கவே கூடாது. அதுவும் மேலை வரேக்கை அடக்கினியளெண்டால் காத்து விரிஞ்சு நெஞ்சைக் கிழிச்சுப்போடும். விளங்கிச்சுதோ?”

“விளங்காமல் என்ன பிள்ளை” என்றேன். இரண்டு நாள் இடுப்பளவு தண்ணீரில் வைத்துப் பழக்கினாள். குழாயைக் கவ்வி இழுக்கவும் விடவும், மூக்கைப் பொத்தி ஊதிக் காதடைப்பை எடுக்கவும் பழகினேன். கெட்டிக்காரி என்று பெயரும் வாங்கினேன்.

மூன்றாம் நாள் வள்ளத்தில் கொஞ்சம் வெளியே போனோம். வள்ளக்காரத் தம்பி நங்கூரத்தை இறக்கினான். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நானும் பிள்ளையும் கீழே இறங்கினோம்.

சத்தமெல்லாம் மேலேயே நின்றுவிட்டது. என் மூச்சு மட்டும் எனக்குக் கேட்டது, பக்கத்தில் யாரோ நித்திரை கொள்கிற மாதிரி. வெளிச்சம் சாய்ந்து சாய்ந்து இறங்கி மணலில் வலைபோல் ஆடியது. இறங்குகிறேனா, கடல்தான் மெல்ல மேலே எழும்புகிறதா என்று தெரியவில்லை. ஓரா மீன்கள் கூட்டமாக வந்து, என்னை ஒரு பொருட்டாகவே எண்ணாமல் திரும்பின. அதுவரை நான் ஓராவைச் சட்டிக்குள்தான் அறிவேன். அன்று வெள்ளிக்கிழமை, அதனால் மனதாலும் சமைக்கவில்லை. முழங்கால் மணலில் தட்டியபோது, இதுதானா, இவ்வளவுதானா என்று இருந்தது. இரண்டு மாரியாக நான் பயந்த இடம் இப்படி விடியற்காலைச் சாமியறைபோல் அமைதியாகக் கிடக்குமென்று ஏன் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை?

அண்ணாந்து பார்த்தேன். மேலே வட்டமாக வெளிச்சம். அச்சொட்டாக எங்கள் கிணற்று வாய்தான். அதன் விளிம்பில் தலை ஒன்றும் இல்லை.

அப்போதுதான் கயிறு சுண்டியது.

வள்ளம் அலையில் ஏறி இறங்கியிருக்கும். அது இப்போது தெரிகிறது. அந்த நேரம் ஒரு தரம், சுருக்கென்று, அவர் இழுக்கிற அதே அளவு இழுப்பு. காணும், மேலை வாரும். என் உடம்பு என்னைக் கேட்கவில்லை. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு, கால்களை உதைத்து, அந்த வெளிச்சத்தை நோக்கி எழும்பினேன். அவர் பயந்து போயிருப்பார், கெதியாகப் போகவேண்டும் என்ற நினைப்பைத் தவிர வேறொன்றும் மண்டையில் இல்லை.

கணுக்காலை ஒரு கை இறுகப் பிடித்தது. பிள்ளைதான். ஒரே இழுவையில் என்னைத் தன் முகத்துக்கு நேரே கொண்டுவந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய கண்கள் பெரிதாக இருந்தன. தன் வாயருகே கையை வைத்து, விடுங்கோ, விடுங்கோ என்று காட்டினாள். விட மனம் வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், வரவில்லை. நான் மூச்சை அடக்கியிருக்கும்வரை அவர் மேலே கயிற்றோடு நிற்கிறார். விட்டேனென்றால் அங்கே ஒருவரும் இல்லை.

அவள் என் தோளை உலுக்கினாள். விட்டேன். குமிழிகள் கலகலவென்று மேலே போயின. பிறகு அழுதேன். கண்ணாடிக்குள் அழுவது பெரிய கரைச்சல், துடைக்க முடியாது. அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, இழு, விடு, இழு, விடு என்று தலையாட்டியபடி எனக்கு முன்னால் இருந்தாள். மூச்சு தன்பாட்டில் போய்வரத் தொடங்கியது.

மேலே போவோமா என்று பெருவிரலைக் காட்டினாள். நான் இல்லையென்று கையாட்டினேன். வந்த வேலை முடியவில்லை.

“ஆழம்தான்” என்று மனதுக்குள் அவருக்குச் சொன்னேன். “ஆனால் பயப்பிட ஒண்டுமில்லை. வெளிச்சம் வருகுது. மீனெல்லாம் தன்ரை பாட்டிலை போகுது. வடிவான இடம், இருங்கோ.” பிறகு நங்கூரக் கயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்து, ஒரு தரம் இழுத்தேன். இன்னொரு தரமும் இழுத்தேன். கையை எடுத்துவிட்டு, பிள்ளையின் பின்னால் மீன்களைப் பார்க்கப் போனேன்.

மெல்ல மெல்ல, மூச்சை விட்டு விட்டு மேலே வந்தோம். வள்ளத்தில் ஏறியதும் பிள்ளை என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நன்றாக ஏசினாள். வாங்கிக்கொண்டேன். ஏச்சு முடிந்து அவள் தலையைத் துவட்டும்போது, வள்ளக்காரத் தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“அன்ரி, கீழையிருந்து ஆரோ ரண்டுதரம் கயித்தை இழுத்தமாதிரிக் கிடந்துது. ஏதும் ஆபத்தோ எண்டு பயந்துபோனன்.”

“ஆபத்தில்லை தம்பி. நான்தான் இழுத்தனான். வாறன், கொஞ்சம் பொறுங்கோ எண்டு சொன்னனான்.”

அவன் தனக்குத்தான் சொன்னேன் என்று எடுத்துக்கொண்டான். நங்கூரத்தை ஏற்றிக்கொண்டே சிரித்தான்.

“அவசரமில்லையே அன்ரி. ஆறுதலா வந்திருக்கலாம்.”