மாரெனின் குகைப் பூதங்கள்

மாரென் ஷ்டூபர் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்தாள். இருபத்துநாலு வயதில் ஏதோ நோய் வந்து இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. பார்வை இல்லாதவர்கள் படிக்கவும் தொழில் பழகவும் எங்கள் ஊரான மார்பூர்குக்கு வருவது வழக்கம். அவளும் அப்படித்தான் வந்தாள். பெண்கள் மருத்துவமனை ஒன்றில் விரலால் தொட்டுப் பார்த்து மார்பில் கட்டி இருக்கிறதா என்று சொல்லும் வேலை. மருத்துவரின் கைக்குத் தட்டுப்படாததும் அவள் விரலுக்குத் தட்டுப்படும் என்பார்கள்.

நான் அவளுக்குக் கீழ் மாடி. பெயர் எக்பெர்ட், தபால் பிரிக்கும் வேலை. வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு என் வீட்டில் நாலு பேர் கூடி விளையாடுவோம். பேருந்து ஓட்டும் ஃபோல்க்மார், ரொட்டிக் கடையில் நிற்கும் யூட்டா, மாரென், நான். மூளையைக் கசக்கும் பெரிய ஆட்டமெல்லாம் எங்களுக்கு ஒத்துவராது. ஆப்பிள் மது ஒரு குடுவை, உருளைக்கிழங்கு சாலட், பகடை உருட்டி ஒருவர் பூதத்தை ஒருவர் அடித்து நொறுக்குகிற ஆட்டம் ஒன்று. அவ்வளவு போதும்.

அந்த வருஷம் நாங்கள் ஆடிக்கொண்டிருந்தது நகரத்தைப் பிடிக்கப் பூதங்கள் சண்டை போடும் ஆட்டம். ஆறு பகடை. முகங்களில் நகம், நெருப்பு, இதயம், மேகம் என்று அச்சடித்திருக்கும். மூன்று தடவை உருட்டலாம். வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியை மறுபடி உருட்டலாம். மாரெனுக்கு என்ன விழுந்தது என்று பக்கத்தில் உட்கார்ந்து நான் படித்துச் சொல்வேன்.

ஒரு வியாழன் அவள் பூதம் சாகக் கிடந்தது. மூன்று நகம் விழுந்தால் ஃபோல்க்மாரின் பூதத்தை அடித்து வீழ்த்திப் பிழைத்துவிடும். விழுந்தது இரண்டுதான். அந்த மாதம் முழுக்க அவள் தோற்றுக்கொண்டே இருந்தாள். எனக்குப் பாவமாக இருந்தது.

"மூணு நகம்," என்றேன்.

ஃபோல்க்மார் பகடையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான். அவன் பூதம் செத்தது, மாரென் ஜெயித்தாள். யூட்டா கைகூடத் தட்டினாள்.

மாரென் சிரிக்கவில்லை. பகடைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேல்முகத்தைக் கட்டைவிரல் நகத்தால் வருடினாள். அச்சு மை எவ்வளவு தடிமன் இருந்துவிடப் போகிறது? ஆனால் அந்த விரல்களுக்குப் போதுமாக இருந்தது. மூன்றாவது பகடையில் நின்றாள்.

"இது நகம் இல்ல. நகத்துல மூணு கோடு இருக்கும். இது ஒரே வளைவா ஓடுது. மேகம்."

என் பக்கம் திரும்பினாள்.

"எத்தன நாளா, எக்பெர்ட்?"

"இன்னைக்குத்தான். சத்தியமா."

"நீ என்கூட விளையாட வந்தியா, எனக்குச் சோறு ஊட்ட வந்தியா?"

வெள்ளைக் கோலை எடுத்துக்கொண்டு மாடியேறிப் போய்விட்டாள். ஃபோல்க்மார் என் பக்கம் திரும்பி, "பொய் சொல்லவும் ஒரு முகம் வேணும்டா. உன் குரலே காட்டிக்கொடுத்திருச்சு" என்றான். அடுத்த இரண்டு வியாழனும் அவள் வரவில்லை. நானும் மேலே போய் மணி அடிக்கத் துணியவில்லை.

மூன்றாவது வியாழன் அவளே வந்தாள். கையில் ஒரு செருப்புப் பெட்டி. பெட்டியின் பக்கத்தில் ஓட்டை போட்டு, பழைய கம்பளிச் சட்டையின் கை ஒன்றை வெட்டி அதில் தைத்திருந்தாள். உள்ளே ஆறு மரக்கட்டைகள். முகங்களில் ஆணி, தோல், உப்புத்தாள், மணி என்று என்னென்னவோ ஒட்டியிருந்தது.

"எல்லாரும் கை கழுவிட்டு வாங்க. எண்ணெய்க் கையோட யாரும் என் பூதத்தைத் தொடக்கூடாது," என்றாள்.

ஆட்டம் இதுதான். பெட்டிதான் குகை, முறை வைத்து ஆடவேண்டும். பெட்டியைக் குலுக்கிப் பகடையை உருட்டு. கம்பளிக் கைக்குள் கையை விட்டு என்ன விழுந்திருக்கிறது என்று தடவிப் பார். வேண்டாததை உள்ளேயே மறுபடி உருட்டு, மொத்தம் மூன்று தடவை. பிறகு உன் பூதத்துக்கு எத்தனை நகம் என்று சொல். அத்தனை படி உன் பூதம் பலகையில் ஆற்றங்கரையிலிருந்து மேலே கோட்டையை நோக்கி ஏறும். முதலில் கோட்டையை எட்டியவர் ஜெயித்தார். உண்மையைச் சொல்லவேண்டும் என்று கட்டாயமில்லை. சந்தேகம் வந்தவர் மூடியைத் திறக்கலாம். பொய் என்றால் உன் பூதம் உருண்டு ஆற்றில் விழும். உண்மை என்றால் திறந்தவர் பூதம் விழும். தடவும்போது கை பட்டுப் பகடை புரண்டால் புரண்டதுதான்.

"பொய் சொல்லலாமா?" என்று கேட்டாள் யூட்டா.

"சொல்லணும். எக்பெர்ட் சொல்ற மாதிரி இல்ல. ஒழுங்கா சொல்லணும்."

அன்றைக்கு ஃபோல்க்மார் நாலு தடவை ஆற்றில் விழுந்தான். பேருந்துச் சக்கரம் பிடித்துக் காய்த்த அவன் விரலுக்கு ஆணிக்கும் மணிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அது போதாதென்று பொய் சொல்லுமுன் மூக்கால் ஒரு மூச்சு விட்டான்; மாரெனுக்கு அது போதும். கடைசியில் பெட்டியைத் தள்ளிவிட்டு, "ஆணி இருக்கிற பக்கம் எப்பவும் கீழ போகுது. கனமா இருக்கு. இது பகடையே இல்ல" என்றான்.

தோற்ற கடுப்பில் சொன்னாலும் அவன் சொன்னது சரி. மறுநாள் சாயங்காலம் உட்கார்ந்து ஒரு கட்டையை அறுநூறு தடவை உருட்டினோம். யூட்டா கோடு போட்டுக்கொண்டே வந்தாள். நியாயமாக நூறு தடவை மேலே வரவேண்டிய ஆணி முகம் நாற்பத்தொரு தடவைதான் வந்தது. மாரென் கொஞ்ச நேரம் அந்தக் கட்டையைக் கைக்குள் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"ஒட்டக்கூடாது. செதுக்கணும்," என்றாள். "ஃபோல்க்மார், உன் நிலவறையில தச்சுப் பட்டறை இருக்குல்ல?"

"என்னை ஆத்துல தள்ளுற பூதத்துக்கு நானே நகம் செதுக்கணுமா?"

"ஆமா."

செதுக்கினான். நகத்துக்கு மூன்று பள்ளம், பல்லுக்கு ஒரு குழி, வாலுக்கு நெளிந்த கோடு, கண்ணுக்கு வட்டம், நெருப்புக்குக் குறுக்கும் நெடுக்குமாகச் சொரசொரப்பு, ஆறாவது முகம் வழவழப்பு. ஒரு பக்கம் மரம் அதிகம் போனால் எதிர்ப்பக்கம் ஆழத்தைக் கூட்டவேண்டும். அவன் செதுக்குவான், மாரென் தடவிப் பார்த்து "இன்னும் ஒரு மயிரிழை" என்பாள். ஆறு தொகுதி வீணாகப் போயிற்று. ஏழாவதை உருட்டி எண்ணியபோது எல்லா முகமும் ஏறக்குறைய நூறில் வந்து நின்றது. ஃபோல்க்மார் அன்று சாலட்டை இரண்டு தட்டு சாப்பிட்டான்.

வசந்தம் வருவதற்குள் எங்கள் விரல்களும் பழகிவிட்டன. பொய்யில் கெட்டிக்காரியாக வந்தவள் யூட்டா. நாள் முழுக்கக் கடையில் நின்று "இப்பத்தான் அடுப்பிலேர்ந்து எடுத்தது" என்று சொல்லிச் சொல்லிப் பழகிய குரல். அதில் மாரெனால்கூட எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. மாரென் தோற்பாள், சிரிப்பாள், "இன்னொரு ஆட்டம்" என்பாள்.

விளையாட்டு வெளியிடும் நிறுவனங்கள் நாலுக்கு எழுதிப்போட்டாள். மூன்றிலிருந்து பதிலே இல்லை. நாலாவதிலிருந்து டெர்ன்பாக் என்ற பதிப்பாசிரியர் இரண்டு வரி எழுதியிருந்தார். முயற்சி பாராட்டுக்குரியது, ஆனால் பார்வையற்றோருக்கான பொருள்கள் தங்கள் துறை அல்ல.

கைபேசிச் செயலி அந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துச் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். திரும்ப ஒருமுறை படிக்க வைத்தாள்.

"ஆட்டத்தை ஆடிக்கூடப் பாக்கல," என்றாள். "கோட்டிங்கன்ல ஜூன் மாசம் புது ஆட்டம் பண்றவங்க எல்லாம் மேசை போடுவாங்களே, இவன் அங்க வருவானா?"

"பதிப்பாசிரியருங்க எல்லாரும் வருவாங்க."

"அப்ப நாமளும் போறோம்."

ஃபோல்க்மார் விடுப்பு எடுத்து வண்டி ஓட்டினான். எங்களுக்குக் கிடைத்த மேசை கழிவறைக்குப் போகும் வழியில், ஒரு மூலையில். முதல் இரண்டு மணி நேரம் ஒருவரும் உட்காரவில்லை. மேசைமேல் சாய்த்து வைத்திருந்த வெள்ளைக் கோலைப் பார்ப்பார்கள், புன்னகைப்பார்கள், போய்விடுவார்கள். புன்னகையை நாங்கள் பார்த்தோம். மாரெனுக்குக் காலடி கேட்டது.

"பக்கத்துல வர்றப்ப மெதுவாகுது. அப்புறம் வேகமாகுது," என்றாள்.

எனக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்று இருந்தது. அவள் கோலை மடித்து நாற்காலிக்கு அடியில் போட்டாள். எழுந்து நின்று, கூடம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்:

"இந்த மேசையில எனக்குப் பொய் சொல்லத் தெரிஞ்சவங்க மூணு பேர் வேணும். எங்க ஆளுங்களுக்கு வரல."

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். முறுக்கிய மீசை வைத்த ஒருவர் வந்து உட்கார்ந்தார், அவர் பின்னால் இரண்டு பெண்கள். பத்து நிமிஷத்தில் மீசைக்காரர் ஆற்றில் கிடந்தார். அவர் போய் நண்பர்களைக் கூட்டிவந்தார். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் எங்கள் மேசையைச் சுற்றி மூன்று வரிசை ஆள். குகைக்குள் கை விட்டவர்கள் தாமாகவே கண்ணை மூடிக்கொண்டார்கள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

நாலு மணிக்கு யாரோ, "டெர்ன்பாக், நீங்களும் உக்காருங்க, விடமாட்டோம்" என்றார்கள். மாரெனின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. குகையை அவர் முன் தள்ளினாள்.

அவர் சாதாரண ஆட்டக்காரர் இல்லை. விரல் நிதானமாகவும் குரல் ஏற்ற இறக்கமில்லாமலும் இருந்தது. மாரென் இரண்டு தடவை சின்னப் பொய் சொன்னாள், இரண்டு தடவையும் அவர் மூடியைத் திறந்தார். இரண்டு தடவையும் அவள் பூதம் ஆற்றில் விழுந்தது. கூட்டம் உச்சுக்கொட்டியது. பிறகு எப்படியோ அவள் தொற்றி ஏறி, கோட்டைக்கு ஐந்து படி கீழே வந்து நின்றாள். அவருக்கு இரண்டே படி மிச்சம். அடுத்த முறை அவருடையதுதான் ஆட்டம்.

மாரென் குலுக்கினாள். கையை விட்டாள். இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. கையை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அஞ்சு நகம்."

டெர்ன்பாக் வாய்விட்டுச் சிரித்தார். "ஆறு பகடையில அஞ்சா? அதுவும் சரியா அஞ்சு தேவைப்படுறப்ப? மன்னிச்சுக்கங்க, மேடம்."

"திறந்து பாருங்க."

திறந்தார். யூட்டா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். அவர் ஒன்று, இரண்டு என்று விரலால் தொட்டு எண்ணினார். ஐந்து நகம். ஆறாவதாக ஒரு வால்.

கூடத்தில் கைதட்டல் எழுந்தது. ஃபோல்க்மார் எழுந்து டெர்ன்பாக்கின் பூதத்தை எடுத்து, எல்லாரும் பார்க்க, கோட்டையடியிலிருந்து ஒவ்வொரு படியாக இறக்கிக் கொண்டுபோய் ஆற்றில் வைத்தான். அவ்வளவு மெதுவாக அவன் எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

"இன்னொரு ஆட்டம்," என்றார் டெர்ன்பாக்.

மூன்று ஆட்டம் ஆடினார். ஒன்றில் ஜெயித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, "இதை நாங்க வெளியிடணும். உங்க பேர் என்ன?" என்றார்.

"மாரென் ஷ்டூபர். மார்ச் மாசம் எனக்கு நீங்க ரெண்டு வரி எழுதினீங்க."

அவர் காது சிவந்தது. "எழுதினேன். ஆடாமலே எழுதினேன். தப்பு."

"சரி. ரெண்டு விஷயம். பெட்டியில எங்கயும் பார்வையில்லாதவங்களுக்குன்னு போடக்கூடாது. பகடை செதுக்கினதா இருக்கணும். மை அச்சு கூடாது."

"அச்சடிச்சா பாதி செலவுதான்..."

"தெரியும்," என்றாள் மாரென். பகடைகளைப் பொறுக்கிப் பெட்டிக்குள் போட ஆரம்பித்தாள். பக்கத்தில் இன்னொரு நிறுவனத்துப் பெண் கையில் பெயரட்டையோடு காத்துக்கொண்டிருந்தாள். டெர்ன்பாக் அவளைப் பார்த்துவிட்டு, "செதுக்கினதே இருக்கட்டும்" என்றார்.

அடுத்த வருஷம் அக்டோபரில் பெட்டி வந்தது. மேலே 'குகைப் பூதம்', கீழே அவள் பெயர். எழுத்து மேடாக இருந்தது, விரலால் படிக்கலாம். உள்ளே குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், பகடை செதுக்கியவர் என்று ஃபோல்க்மாரின் பெயர். அவன் அந்தப் பக்கத்தைத் தன் பேருந்தின் முன்கண்ணாடியில் ஒட்டிவைத்து மேலதிகாரியிடம் திட்டு வாங்கினான். முதலில் அச்சிட்ட அத்தனையும் கிறிஸ்துமஸுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. இரண்டாம் அச்சுக்குக் கடைக்காரர்கள் பெயர் எழுதிவைத்துக் காத்திருந்தார்கள்.

ஜனவரியில் நகர நூலகத்தில் நாற்பது மேசை போட்டுப் போட்டி நடத்தினார்கள். மாரெனும் எல்லாரையும்போலப் பெயர் கொடுத்துச் சீட்டெடுத்து ஆடினாள். இறுதி ஆட்டத்தில் அவளும் யூட்டாவும். யூட்டா தனக்கே உரிய தேன்குரலில், "நாலு நகம், இப்பத்தான் வந்தது" என்றாள். மாரென் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு மூடியைத் திறந்தாள். ஒரே ஒரு நகம்.

"எப்படிடி கண்டுபிடிச்ச?" என்றாள் யூட்டா.

"இன்னைக்கு ரொம்ப அன்பாச் சொன்ன."

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் வழக்கம்போல வேலைக்குப் போனாள். முதலில் பரிசோதனைக்கு வந்த பெண் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "நீங்கதானே அந்தப் பூதத்துக்காரங்க? நேத்து எங்க வீட்டுக்காரரை ஆத்துல தள்ளினேன்" என்றாளாம்.

மாரென் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கியபடி கேட்டாள்: "எத்தன தடவை?"