மாமா அப்பாவை அமுக்கிப் பிடித்த நாள்

அந்த வருஷம் எங்கள் வீட்டில் வெல்லத்துக்குத் தடை வந்தது. தடை போட்டவர் அப்பா. பானையில் இருந்த மண்டைவெல்லம் முழுவதையும் சாக்கில் கட்டி மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மலையிலிருந்து வந்த பலாப்பழத்தை வாசலோடு திருப்பினார். தீபாவளிக்கு அதிரசம் கிடையாது, பொங்கலுக்கு வெண்பொங்கல்தான். நானும் தங்கையும் என்ன குற்றம் செய்தோம் என்று எங்களுக்கு விளங்கவில்லை. வியாதி அம்மாவுக்கு, பத்தியம் எல்லோருக்கும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அம்மாவுக்குப் பிடரியில் ராஜபிளவை வந்தது. கட்டி சல்லடைபோலப் பல வாய் வைத்து உடைந்தது. பச்சிலை எதற்கும் ஆறவில்லை. அனுமந்தன்பட்டியிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார் அப்பா. அங்கே அறுத்துச் சுத்தம் செய்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடப்பதால்தான் புண் ஆறவில்லை என்றும் சொன்னார்கள். உடம்புக்குள் இனிப்பு ஏறினால் நல்லதுதானே என்று நான் நினைத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு அதை யாரிடமும் கேட்கவில்லை.

புண் ஆறி வீடு திரும்பியபோது கூடவே இன்சுலின் என்ற மருந்தும் வந்தது. தினமும் காலையில் ஊசி போட வேண்டும். ஊரில் போடத் தெரிந்தவர் இல்லை என்பதால் அப்பாவே கற்றுக்கொண்டார். வாழைத்தண்டில் குத்திக் குத்திப் பழகினார். தண்டுக்கு வலிக்குமோ என்பதுபோல ஒவ்வொரு குத்துக்கும் முகத்தைச் சுளித்துக்கொள்வார். மருந்துப் புட்டியைத் தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈரமணலில் புதைத்து வைத்திருந்தார். ஊசியைக் கொதிக்கவைப்பதும், போடுவதும், போட்டவுடன் அம்மா முன்னால் கேப்பைக் களியை வைப்பதும் அவர் வேலை. “இனிப்பு உங்களுக்கு விஷம்மா” என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா அதை மந்திரம்போலப் பிடித்துக்கொண்டார். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் அம்மாவின் இலையைத்தான் முதலில் பார்ப்பார்.

ஆனால் அம்மாவுக்கு வேறொரு கணக்கு பாக்கி இருந்தது. மதுரையில் கழுத்தில் கத்தி வைத்தபோது அம்மா ஊர்க் காளியம்மனை நினைத்து, பிழைத்து வந்தால் தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள். சித்திரையில் திருவிழா சாட்டினார்கள்.

“சட்டி எடு, வேணாங்கல. ஆனா விரதம் கிரதம்னு வயித்தக் காயப்போடக் கூடாது. ஊசியப் போட்டுச் சாப்ட்டுட்டுத்தான் எடுக்கணும்” என்றார் அப்பா.

“சரிங்க” என்றாள் அம்மா.

திருவிழா அன்று காலையில் அப்பா ஊசி போட்டார். களித் தட்டை எடுத்துக்கொண்டு அம்மா அடுப்படிக்குப் போனாள். திரும்பி வரும்போது தட்டு காலியாக இருந்தது. அப்பா நிம்மதியாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்காலுக்குக் கிளம்பினார். அன்றைக்கு எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை. பாய்ச்சிவிட்டு நேரே கோயிலுக்கு வருவதாகச் சொன்னார்.

ஊர்வலம் பொழுது நன்றாக ஏறிய பிறகுதான் புறப்பட்டது. மஞ்சள் சேலையில், வேப்பிலைமேல் தீச்சட்டியை ஏந்தி அம்மா வந்தாள். நான் பக்கத்திலேயே நடந்தேன். அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, பின்னால் வந்தார். உறுமியும் கொட்டும் காதைக் கிழித்தன. கோயில் தெருவுக்குள் திரும்பியபோது அம்மாவின் கைகள் நடுங்கத் தொடங்கின. வியர்வை என்றால் அப்படி ஒரு வியர்வை. சேலை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. மாமா பாய்ந்து சட்டியை வாங்கிக்கொண்டார்.

“ஆத்தா வந்துட்டா! ஆத்தா எறங்கிட்டா!” என்று யாரோ கத்தினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். கொட்டு இன்னும் வேகம் பிடித்தது.

அம்மா தள்ளாடினாள். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. “அம்மா” என்று கையைப் பிடித்தேன். “யாருடா நீ?” என்றாள். அம்மா என்னை அப்படிக் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

ஒரு பெரியவர் கைகட்டிக் குனிந்து கேட்டார்: “ஆத்தா, இந்தத் தடவ வெள்ளாம தேறுமா?”

“எருமைய அவுத்து விடுங்கடி. கல்யாணத்துக்கு நேரமாச்சுல்ல” என்றாள் அம்மா. வார்த்தை குழறியது.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. “எரும எமனோட வாகனம்ல? ஊருக்கு வந்த சாவ ஓட்டிவிடச் சொல்றா” என்று பெரியவர் அர்த்தம் சொன்னார். “கல்யாணம் எம் மகளுக்குத்தான்” என்றார் நெடுநாளாக மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த இன்னொருவர்.

“ஆத்தாவுக்குத் தாகம். பானக்கரம் கொண்டாங்க!” என்றார் மாமா. சாமி வந்தவர்களைக் குளிரவைக்க வெல்லம் கரைத்த பானக்கரம் கோயிலில் அண்டா நிறைய இருக்கும். ஒரு பெண் செம்பில் மொண்டு வந்து அம்மாவின் வாயருகே கொண்டுபோனாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அப்பா வந்தார். காலெல்லாம் வயல் சேறு. செம்பைப் பார்த்தார், கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து ஒரே தட்டாகத் தட்டிவிட்டார். செம்பு உருண்டு ஓடியது. கொட்டுச் சத்தம் நின்றுபோயிற்று.

“வெல்லத்தண்ணியா குடுக்குறீக? செத்துருவாய்யா! எம் பொண்டாட்டியக் கொல்லாதீக!”

“மாப்ள, அது உங்க பொண்டாட்டி இல்ல, ஆத்தா! தள்ளிப் போங்க!” என்றார் மாமா. அப்பா தள்ளிப் போகவில்லை. இரண்டாவது செம்பையும் தட்ட ஓங்கினார். மாமா சட்டியைப் பூசாரி கையில் கொடுத்துவிட்டு, அப்பாவை இடுப்போடு கட்டித் தூக்கித் தரையில் சாய்த்தார். நெஞ்சின்மேல் உட்கார்ந்து இரண்டு கைகளையும் அமுக்கிக்கொண்டார். அப்பாவின் தலைப்பாகை அவிழ்ந்து மிதிபட்டது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. என் அப்பா மண்ணில் கிடந்து குழந்தைபோல ஓலமிட்டு அழுவதை நானும் பார்த்தேன். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை. நின்ற இடத்திலேயே நின்றேன்.

பெண்கள் அம்மாவைத் தாங்கிப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார்கள். ஒரு செம்பு உள்ளே போயிற்று. பிறகு இன்னொன்று. நான் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். விஷம் எவ்வளவு நேரத்தில் வேலை செய்யும் என்று எனக்குத் தெரியாது.

நடுக்கம் குறைந்தது. வியர்வை நின்றது. அம்மா சுற்றிலும் பார்த்தாள்.

“இங்கன எதுக்கு இம்புட்டுக் கூட்டம்?” என்றாள். பிறகு தரையைப் பார்த்துப் பதறிப்போனாள். “அண்ணே! அவுகள ஏண்ணே அமுக்கிப் புடிச்சிருக்க?”

“ஆத்தா மலையேறிட்டா” என்று சொல்லிக்கொண்டு கூட்டம் கும்பிட்டுக் கலைந்தது. மாமா எழுந்து கை நீட்டினார். அப்பா அந்தக் கையைத் தொடாமல் தானே எழுந்தார்.

“இன்னியோட உங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் தீந்துச்சு. இவளுக்கு ஏதாச்சும் ஆகட்டும், அன்னைக்கு இருக்கு ஒமக்கு” என்றார். அதுவரை ‘மச்சான்’ என்று சொல்லாமல் அவர் மாமாவிடம் பேசியதே இல்லை.

மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸில் அம்மாவை மதுரைக்கு அழைத்துப் போனார். அங்கே நடந்ததை, நான் வளர்ந்து பெரியவனான பிறகு அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அப்பா டாக்டரிடம் மூச்சுவிடாமல் முறையிட்டாராம். மச்சான் வெல்லத்தண்ணி கொடுத்துவிட்டான், எப்படியாவது காப்பாற்றுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டாராம். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நடுக்கமும் உளறலும் குடிச்சதுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்றார்.

“முன்னாடிங்க.”

“நேத்துக் காலையில சாப்டீங்களாம்மா?”

அம்மா தரையைப் பார்த்தாளாம். பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படாமல் சட்டி எடுப்பதாக அவள் வேண்டியிருந்தாள். அப்பாவிடம் சொன்னால் விடமாட்டார் என்று களியை எருமைத் தொட்டியில் போட்டுவிட்டாள்.

டாக்டர் அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: “நீங்க போட்ட ஊசி சர்க்கரையக் கொறைச்சுக்கிட்டே இருக்கும். வயித்துல ஒண்ணும் இல்லேன்னா அதுபாட்டுக்குக் கொறைஞ்சு உயிரையே கொண்டுபோயிரும். அந்த நேரத்துல வெல்லம்தான் மருந்து. அவர் மட்டும் குடுக்கலேன்னா, இன்னைக்கு இவங்க இல்ல.” பிறகு, “இதை நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்” என்றாராம். அப்பா தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறினாராம்.

இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. அவர்கள் திரும்பி வந்த அன்று பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்தேன். அம்மா யாரும் தாங்காமல் தானே இறங்கினாள். “நீ வீட்டுக்குப் போ” என்று அவளிடம் சொல்லிவிட்டு, அப்பா மாமா வீட்டுத் தெருவுக்குள் திரும்பினார். முகம் இறுகிக் கிடந்தது. திருவிழா அன்று சொன்ன பேச்சு எனக்கு ஞாபகம் வந்தது. சண்டைக்குத்தான் போகிறார் என்று முடிவு செய்து, கைக்கு அடங்கிய ஒரு கல்லைப் பொறுக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். இந்த முறை அப்பாவைத் தனியாக விடக் கூடாது.

மாமா வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“என்ன மாப்ள, தங்கச்சிக்கு என்னவும்...?” என்றார்.

“நல்லாருக்கா” என்றார் அப்பா. “அன்னைக்கு நீங்க என்னைய விட்டிருந்தா, மச்சான்...”

அவர் முடிக்கும் முன்பே மாமா நெருங்கி வந்து, இரண்டு கையாலும் அப்பாவை இறுக்கிப் பிடித்தார். மறுபடியும் அமுக்கத்தான் பிடிக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அப்பா திமிறவில்லை. அவர் ஏன் திமிறவில்லை என்று தெரியாமல், கல்லை எப்போது எறிவது என்று பார்த்துக்கொண்டு நான் வேலி ஓரத்தில் நின்றேன்.