அப்பா படுத்த ஆறு இடங்கள்

1. அறை. போர்க்கால இடப்பெயர்வு முடிந்து ஊருக்குத் திரும்பி, கூரையும் கதவு நிலைகளும் இல்லாமல் நின்ற வீட்டைத் திருத்தி எடுத்தபோது அப்பாவின் கட்டில் அறையில் இருந்தது. எங்கள் வீட்டில் படுக்கும் அறை ஒன்றுதான்.
2. ஹோல். அக்கா சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த வருடம், அறையை அக்காவுக்கும் எனக்கும் விட்டுக்கொடுத்து நடுக்கூடத்துக்கு வந்தார்.
3. விறாந்தை. அக்காவுக்குத் திருமணமாகி அத்தான் வந்தார். அறை அவர்களுக்கு, ஹோல் அம்மாவுக்கும் எனக்கும் என்றானது.
4. ஹோலிலிருந்து சமையல் குசினிக்குப் போகும் வழி. விறாந்தையில் மாரி மழை கட்டில்வரை அடித்தது.
5. ஆசுபத்திரி. கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் அப்பாவின் இடுப்பெலும்பு முறிந்தது.
6. சாமியறை.

ஆறாவது இடத்துக்கு அப்பா எப்படி வந்தார் என்பதை, அவரை அறிந்த உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

அப்பா பண்டத்தரிப்பில், எட்டுப் பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தார். ஒரே பாயில் நான்கு பேராகப் படுத்து வளர்ந்தவர். இணுவிலில் அம்மாவின் சீதன வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தபோது ஒரு சைக்கிளும், ஒரு கருவிப் பெட்டியும், தன் தகப்பனார் செய்வித்த வேப்பமரக் கட்டிலும் கொண்டுவந்தார். சுன்னாகத்தில் ஒரு பட்டறையில் தோட்டக்காரரின் தண்ணீர் இறைக்கும் வாட்டர் பம் திருத்துவது அவருடைய தொழில். பயிர் வாடுகிறது என்று வருபவரை நாளைக்கு வரச்சொல்லி அவர் அனுப்பியதை நான் கண்டதில்லை.

வீடு சிறியது என்று அப்பா ஒருநாளும் குறைப்பட்டதில்லை. சைக்கிளைக் கப்பி போட்டுக் கூரை வளையில் தூக்கிவிடுவார். அக்காவும் நானும் படித்த மேசையைச் சுவரோடு பிணைச்சல் போட்டுப் பூட்டியிருந்தார். படித்து முடிந்ததும் அது மடிந்து சுவராகிவிடும். விதை வெங்காயப் பிடிகளும் அதே வளைகளில்தான் தொங்கின. உயரமான அத்தான் வந்த புதிதில் ஒவ்வொரு நாளும் எதிலாவது இடித்துக்கொள்வார்.

"தலை கவனம், தம்பி," என்பார் அப்பா.

"இந்த வீட்டிலை கீழை இருக்கிறது மனிசர் மட்டும்தான். மிச்சமெல்லாம் மேலை," என்று அம்மா சொல்வார்.

குசினி வழிக்குக் கட்டில் வந்தபோது ஒரு சிக்கல் இருந்தது. குசினிக் கதவு கட்டிலின் கால்மாட்டில் இடித்தது. ஒரு நாள் நாங்கள் எல்லோரும் கோயிலுக்குப் போய்த் திரும்பியபோது கதவு முழுவதும் திறந்தது. கட்டில் குட்டையாகியிருந்தது.

"கால்மாட்டுப் பக்கம் கறையான் திண்டிட்டுது. வெட்டிப்போட்டன்," என்றார் அப்பா.

வேம்பைக் கறையான் தொடுவதில்லை. அது ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கதவு திறந்த சந்தோசத்தில் எங்களில் ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. அந்தக் கிழமையே என் மேசைக்கு மேலே சுவரில் ஒரு புதிய பலகைத் தட்டு வந்தது. அதில் பல வருடங்கள் என் அளவுகோல்களும் பேனைகளும் இருந்தன. நான் தொழிலால் படவரைஞர். மற்றவர்களின் வீடுகளை அளந்து வரைவது என் வேலை. எங்கள் வீட்டை நான் அளந்ததில்லை.

ஆசுபத்திரியில் சத்திரசிகிச்சை முடிந்த மறுநாள் அப்பாவைப் பார்க்கப் போனேன். நேராகப் படுக்க வைத்திருந்தார்கள். அவருடைய பாதம் கட்டிலின் கீழ்க் கம்பிக்கு அருகில் இருந்தது. அப்பா இவ்வளவு நீளமானவரா என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அளந்தேன். அப்பாவின் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். கட்டிலின் நீளம் ஐந்தடி நான்கு அங்குலம். மேசைக்கு மேலிருந்த தட்டைக் கழற்றிப் பார்த்தேன். பலகை கட்டிலின் கால்மாட்டுப் பலகை. அதைத் தாங்கிய இரண்டு கட்டைகளும் கட்டில் சட்டத்தின் துண்டுகள், ஒவ்வொன்றும் பதினொரு அங்குலம். கறையான் தொட்ட அடையாளம் ஒன்றில்கூட இல்லை.

அடுத்த முறை போனபோது கேட்டேன்.

"ஏனப்பா பொய் சொன்னனீங்கள்?"

"நான் முடங்கித்தானே படுக்கிறனான், பிள்ளை. அந்தப் பதினொரு அங்குலம் சும்மா கிடந்தது."

அவருடைய இருதயமும் பலவீனமாக இருந்தது. இனிச் செய்வதற்கு அதிகம் இல்லை என்று வைத்தியர் சொன்னார். வீட்டுக்குக் கொண்டு போவதானால் கால் மடங்காமல் நீட்டிப் படுக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஆள் நின்று புரட்ட இடம் வேண்டும் என்றார். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டை போவம், பிள்ளை," என்றார். தனக்கென்று அவர் எங்களிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அக்காவும் அத்தானும் உடனே அறையைத் தருவதாகச் சொன்னார்கள். அப்பா மறுத்துவிட்டார். "அதுக்கை ரண்டு குழந்தையள் படுக்குதுகள். அங்கை கொண்டுபோறதெண்டால் நான் இஞ்சையே கிடக்கிறன்."

அன்று பின்னேரம் வீட்டுப் படத்தை வரைந்து விறாந்தையில் விரித்தேன். ஹோலில் கட்டிலைப் போட்டால் ஒரு பக்கம்தான் ஆள் நிற்கலாம். விறாந்தையில் மழை. குசினி வழியில் கதவு. நான்கு விதமாகப் போட்டுப் பார்த்தும் சரிவரவில்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார்.

"உதிலை சாமியறை எங்கை?"

கோடு போட்டு நிரப்பிய ஒரு கட்டத்தைக் காட்டினேன்.

"அளவு எழுதேல்லையே?"

"அதை நான் அளக்கேல்லையம்மா. அது சாமியறை."

"போய் அள."

ஏழடிக்கு ஐந்தரையடி. போதும். ஆனால் எங்கள் பக்கத்தில் வீடு எவ்வளவு சிறிதானாலும் சாமியறையில் மனிதர் படுப்பதில்லை. அதிலும் எந்த நேரமும் உயிர் போகக்கூடிய ஒருவர். செய்தி கேட்டுப் பக்கத்து வீட்டு மாமி வேலியடிக்கு வந்தார்.

"சாமியறையிலையோ? ஒண்டு கிடக்க ஒண்டு நடந்தால்?"

"நடந்தால் கழுவுவம்," என்றார் அம்மா. "இடப்பெயர்வுக்கை உந்தச் சாமியள் எங்களோடை உரப்பையிலைதான் வந்தவை. அப்ப ஒருத்தரும் அறை கேக்கேல்லை."

மாமி வேலியடியிலிருந்து திரும்பிப் போனார். ஆனால் அப்பா வந்த நாள் முதல் காலையில் கஞ்சி கொண்டு வந்தவர் அவர்தான்.

பட்டறையில் அப்பாவோடு வேலை செய்த நண்பர் வந்து, வெட்டிய துண்டுகளை இரும்புத் தகடு வைத்துப் பழையபடி பொருத்தினார். கட்டில் மீண்டும் ஆறடி மூன்று அங்குலமானது. அத்தான் குசினி வழிச் சுவரில் ஒரு தட்டு அடித்தார். அம்மா குளித்துவிட்டு வந்து ஒவ்வொரு சாமிப்படமாகத் துடைத்து அதில் வைத்தார்.

அப்பாவைத் தூக்கிவந்து கிடத்தியதும் அவர் சுவர்களைப் பார்த்தார்.

"சாமியள் எங்கை?"

"குசினி வழியிலை, மாமா," என்றார் அத்தான்.

அப்பா குசினிப் பக்கம் தலையைத் திருப்பினார். பிறகு, "என்ரை இடத்தையோ குடுத்தனீங்கள்? குசினிக் கதவு இடிக்குமெண்டு அவைக்குச் சொல்லிவிடுங்கோ," என்றார்.

நீளக் கட்டில் கிடைத்தும் முதல் நாட்களில் அப்பா நல்ல காலை மடக்கியே வைத்திருந்தார். தூக்கத்தில் மற்றக் காலும் தானாக மடங்கப் பார்க்கும். அம்மா பக்கத்தில் இருந்து முழங்காலை மெல்லத் தடவி, "நீட்டுங்கோ. ஒருத்தரும் வரேல்லை," என்பார். மூன்றாவது கிழமை ஒரு காலை, நான் தேநீர் கொண்டு போனபோது, இரண்டு பாதங்களும் கால்மாட்டுப் பலகைக்குக் கிட்டப் போயிருந்தன. அப்பா நல்ல நித்திரை.

அதன்பின் அவர் எங்களோடு இருந்தது பதினெட்டு நாட்கள். பேரப்பிள்ளைகள் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று கதை சொன்னார்கள். கடைசி நாள் அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். குளிப்பாட்ட வந்தவர்களுக்கு அவருடைய காலை நீட்டிவிட வேண்டியிருக்கவில்லை.

அப்பாவைத் தூக்கிப் புரட்டிய கைகள் எல்லாவற்றுக்கும், ஆசுபத்திரி விடுதித் தாதியருக்கும், கட்டிலைப் பொருத்தித் தந்த நண்பருக்கும், கஞ்சி தந்த மாமிக்கும், தட்டு அடித்த அத்தானுக்கும், தூரத்திலிருந்து வந்து ஹோலிலும் விறாந்தையிலும் நெருக்கி இருந்து எங்கள் துயரில் பங்குகொண்ட எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது வீடு கழுவி முடிந்திருக்கும். சாமிப்படங்கள் குசினி வழித் தட்டிலேயே இருக்கும். அவற்றை மாற்ற வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். கட்டில் நின்ற இடத்தில் நிற்கிறது, அதே ஆறடி மூன்று அங்குலம். இவ்வளவு காலமும் பாயில் படுத்த அம்மா இனி அதில் படுப்பார்.