படூர் தொட்டியில் வராத நுரை

மீன்தொட்டிக் கடையில் சர்வீஸ் வேலைக்குச் சேர்ந்து, நான் தனியாகப் போன முதல் வேலையே சொதப்பல். படூரில் ஒரு பல் டாக்டரம்மா புது கிளினிக் திறக்கிறார். வரவேற்பறையில் கடல்மீன் தொட்டி. மறுநாள் காலை திறப்பு விழா.

கடல்மீன் தொட்டிக்கு ஸ்கிம்மர்தான் உயிர். தண்ணீரில் காற்றைப் பொடிக் குமிழிகளாகக் கலந்து, மீன் கழிவை நுரையோடு மேலே தள்ளும் மெஷின் அது. ஆர்.ஓ. தண்ணீர் நிரப்பி ஸ்விட்சைப் போட்டேன். நுரையைக் காணோம்! கோலிகுண்டு சைஸில் குமிழிகள் களக் பளக்கென்று வந்து உடைந்தன. மோட்டாரைக் கழற்றி மாட்டினேன். ஏர் டியூபை ஊதிப் பார்த்தேன். மறுபடியும் களக் பளக்.

"ஏம்மா செல்வி, இந்தச் சத்தத்தக் கேட்டா பேஷன்ட்டுங்க பல்லோட ஓடிடுவாங்க" என்றார் டாக்டர்.

ஓனருக்கு போன் போட்டேன்.

"இன்னாது, நுரை வரலியா? சாயங்காலத்துக்குள்ள ஓடல, நாளிக்கு நீ கடைப்பக்கமே வராத!" சொன்ன வேகத்தில் வைத்துவிட்டார்.

போச்சு, வேலை போச்சு. வந்ததற்கு உப்பையாவது கரைத்துவிட்டுப் போவோம் என்று, கடல் தொட்டிக்கான உப்பைக் கொட்டினேன். பாவம், டாக்டரும் கூட நின்று கலக்கினார். கரையக் கரையக் களக் பளக் அடங்கியது. ஸ்கிம்மர் முழுக்கப் பாலாக வெளுத்தது.

"டாக்டர்! ஓடுது டாக்டர்!"

"அட, ஆமா!" அவர் கைதட்டிக் குதித்தே விட்டார்.

மறுபடி ஓனருக்குப் போட்டேன்.

"உப்பே போடாமயா ஓட்டிகினு இருந்த? நல்ல தண்ணில எப்டிம்மா நுரை நிக்கும்?"

"நீங்க சொன்னீங்களாண்ணா?"

"நீ கேட்டியா?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

விஷயம் இதுதான். நல்ல தண்ணீரில் குமிழிகள் முட்டிக்கொண்டதும் சேர்ந்து பெரிதாகிவிடும். உப்பு போதுமான அளவு கரைந்திருந்தால், குமிழிகளுக்கு நடுவே உள்ள மெல்லிய தண்ணீர்ப் படலம் சட்டென்று கிழியாது. அதனால் பொடியாகவே நிற்கும். ஏன் அப்படி என்பதில் படித்தவர்களுக்குள்ளேயே இன்னும் வாதம் நடக்கிறதாம். நானோ மாமல்லபுரத்து மீனவக் குப்பத்தில் பிறந்தவள். தினமும் வெள்ளை வெளேரென்று அலையைப் பார்த்தும் இது தோன்றவில்லை பாருங்கள்!

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: மெஷினில் கை வைக்கும் முன் தண்ணீரைப் பாருங்கள். எனக்கு இது மறக்கவும் மறக்காது. இன்றும் சர்வீஸுக்குப் போனால், டாக்டரம்மா பேஷன்ட் வாயைத் திறந்தபடி விட்டுவிட்டு எட்டிப் பார்த்துக் கேட்பார்: "செல்வி, உப்பு போட்டியா?"