'ஐ'யில் தொடங்கும் கட்டை

முனீஸ்வரி டீச்சர் எங்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியை. கம்ப்யூட்டர் டீச்சர் பாதியில் நின்றுவிட, "அதுலயும் படம்தானம்மா, ரொம்ப ஈசி" என்று தாளாளர் அந்த வகுப்பையும் அவர் தலையில் கட்டினார். ஈசி என்று சொல்கிறவர்கள் யாரும் செய்து பார்ப்பதில்லை. எனக்கு அதில்தான் ஆத்திரம்.

சின்னப் பிள்ளைகளுக்கான புரோகிராம் மொழி அது. டைப் செய்ய வேண்டாம். திரையில் இருக்கும் கட்டைகளை மவுஸால் இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் ஒரு கோழி நடக்கும். கட்டைகளின் மேல் எழுதியிருப்பதெல்லாம் இங்கிலீஷ்; டீச்சருக்கு இங்கிலீஷ் என்றாலே பயம். வீடியோ பார்த்து மனப்பாடம் செய்து, பிள்ளைகளுக்கும் அப்படியே ஏற்றினார்.

"நீலப் பெட்டியத் தொற. 'எம்'ல ஆரம்பிக்கிறத இழு. அதுக்குக் கீழ 'ஐ'ல ஆரம்பிக்கிறதப் போடு."

கோழி இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நடந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பரீட்சைக்கு ஆசிரியர்கள் நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நடத்துகிறோம்.

பெற்றோர் நாளில் இதைச் செய்து காட்ட வேண்டும். சரியாக வந்தால்தான் டீச்சருக்கு வேலை நிரந்தரம். அன்று பரவையிலிருந்து பஸ்ஸில் வரும்போதே 'எம், ஐ, எம், ஐ' என்று முணுமுணுத்தபடி வந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே அது மனப்பாடமாகிவிட்டது.

கம்ப்யூட்டரைத் திறந்தால், எல்லாக் கட்டையும் தமிழில்! பெற்றோருக்குப் புரியட்டும் என்று தாளாளர் முந்தின நாளே ஆள் வைத்து மாற்றியிருக்கிறார். பழையபடி மாற்ற டீச்சருக்குத் தெரியாது.

"டீச்சர், எல்லாம் தமிழ்ல இருக்கு. ஒண்ணுமே புரியல!" என்றாள் செய்துகாட்ட உட்கார்ந்திருந்த ஐந்தாம் வகுப்பு அஸ்வினி. தமிழாசிரியை நான் வேறு அங்கே நிற்கிறேன்.

பெற்றோர் கூட்டம் முன்னால் நெருங்கி வந்தது. தாளாளர் கடிகாரத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் அஸ்வினி நீலப் பெட்டியைத் திறந்து எழுத்துக்கூட்டினாள்.

"ஓரத்தைத் தொட்டால்... திரும்பு." சட்டென்று துள்ளினாள். "அய்யோ டீச்சர், அதான் கோழி திரும்பி வருதா! இம்புட்டு நாளா சொல்லவே இல்லையே!"

தாளாளரின் முகம் மாறிவிட்டது. எதையாவது சொல்லிச் சமாளியுங்கள் என்று நான் கண்ணைக் காட்டினேன். டீச்சர் என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை.

"எனக்கே இப்பத்தான் தெரியுது ஆத்தா" என்றார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "அடுத்ததுல என்ன எழுதியிருக்கு? படி."