பரபாஸ் வேஷம் கட்டிய வருஷம்

எங்கள் ஊரில் ஒரு வருஷம் இயேசுநாதரை விடுதலை செய்துவிட்டார்கள். சிரிக்க வேண்டாம். ஜெருசலேமின் அழுகிற பெண்களில் ஒருத்தியாக, தலையில் வெள்ளைத் துணி போட்டுக்கொண்டு, நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற பாதையில், ஏரிக்குக் கீழே எங்கள் வீடுகள், வீடுகளுக்கு நடுவில் ஓடு போட்ட ஒரு சின்னக் கோவில். அப்பா ஊருக்கு நீர்க்கட்டி. மதகைத் திறந்து வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சுவதும், பொழுது சாய்ந்தால் இடுப்பளவு நீரில் இறங்கி மதகை அடைப்பதும் அவர் வேலை. தண்ணீருக்கு அவர் குரல் தெரியும் என்று ஊரில் கேலியாகச் சொல்வார்கள். அவ்வளவு பெரிய குரல். அதனால்தான், பெரிய வெள்ளிக்கிழமை நாடகத்தை எழுதி நடத்துகிற எங்கள் கோவில் உபதேசியார், இயேசுவுக்குப் பதிலாக விடுதலையாகிற கொள்ளைக்காரன் பரபாஸின் வேஷத்தை அவருக்குக் கொடுத்தார். "நீ கத்தினா செம்பரம்பாக்கம் ஏரிக்கே கேக்கும். கொள்ளைக்காரனுக்கு அது போதும்" என்றார். அப்பாவுக்கு ஏகப் பெருமை.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தபசு காலம் முழுவதும் மாலையில் ஒத்திகை. அதில் ஒரு மாலை அப்பா மதகை மறந்தார்.

அவர் அன்று வீடு வந்ததை நான் பார்த்தேன். வசனத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். வேட்டி நனையவில்லை. அம்மாவும் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தவள், அவர் பரபாஸ் மாதிரி சிரித்துக் காட்டவும், தானும் சிரித்துவிட்டுச் சோறு போட்டாள்.

காலையில் பெரிய நிலக்காரரின் கழனி முழுவதும் தண்ணீர். அறுப்புக்காக வடித்து, காயவிட்டு வைத்திருந்த கழனி அது. முற்றிய பயிர் அப்படியே படுத்துவிட்டது. இரண்டொரு நாளில் கதிரிலேயே முளை கிளம்பியது. மண்ணில் விழுந்த மணி முளைப்பதை உபதேசியார் எவ்வளவு அழகாகச் சொல்வார்! எங்கள் ஊரில் அறுக்குமுன் முளைத்த மணி என்றால் நாசம். பச்சைப் பசேலென்று, ஊசி ஊசியாக, ஒன்றுக்கும் உதவாத அழகு.

"நான் அடச்சிட்டுத்தான் வந்தேன்யா. யாரோ புடுங்கிட்டாங்க" என்றார் அப்பா.

அந்த ஒரு வாக்கியம். யாரோ என்றால் ஊர் ஓர் ஆளைத் தேடத்தானே செய்யும்? மதகுக்குப் பக்கத்தில் அன்றைக்குக் கிடை போட்டிருந்தவர் ஆட்டுக்காரர் ஒருவர்தான். வெளியூர்க்காரர், வருஷா வருஷம் ஆடுகளோடு வந்து போகிறவர். ஆட்டுக்குத் தண்ணீர் காட்ட மதகைப் பிடுங்கிவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. ஏரி நிறையத் தண்ணீர் இருக்கும்போது மதகை எதற்குப் பிடுங்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கோபம் வந்த ஊருக்குக் கணக்குப் பிசகினால் பரவாயில்லை, ஆள் கிடைத்தால் போதும். ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை ஊர் கூடும், பாதி மந்தையைப் பிடித்துக்கொண்டு அவரை விரட்டுவது என்று கூடுவதற்கு முன்பே முடிவாகிவிட்டிருந்தது.

அப்பா சாப்பாட்டைக் குறைத்தார். ஒருசந்தி விரதம் என்றார். அம்மா அவர் வேட்டியைத் துவைத்தாள், அடித்து அடித்து.

கோவிலின் உட்சுவரில் நியாயத்தீர்ப்புப் படம் ஒன்று இருந்தது. சிறகு விரித்துத் தராசு பிடித்த சம்மனசு, ஒரு தட்டில் ஓர் ஆன்மா, கீழே நெருப்பு. அந்த வாரம் முழுவதும் தட்டில் இருந்த மனிதனுக்கு அப்பாவின் முகம் வந்துவிட்டது. இன்னொரு தட்டில் ஆட்டுக்காரர். தராசு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒருவர் நெருப்பில். உண்மை தெரிந்தால் அப்பாவின் வேலை போகும், நாங்கள் எங்கே போவோம்? தெரியாவிட்டால் அந்த மனிதர் எங்கே போவார்?

பெரிய வெள்ளிக்கிழமை, வெயில் சாயும் நேரத்தில் கோவில் களத்தில் நாடகம். ஊரே வரும். எங்கள் மதம் வேறு, ஊரில் மற்றவர்கள் மதம் வேறு, ஆனால் நாடகம் எல்லாருக்கும் பொது. பெரிய நிலக்காரர் தம் மனைவியோடு முன்வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். கிடையை விட்டுவிட்டு வர முடியாமல் ஆட்டுக்காரர் மட்டும் இல்லை.

இயேசுநாதர், தண்டலம் கூட்ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். நாற்பது நாள் தாடி நிஜம். நகக்கண்ணில் கிரீஸும் நிஜம், அதை எந்தச் சீயக்காயாலும் எடுக்க முடியவில்லை. தீர்ப்புச் சொல்லும் பிலாத்து எங்கள் தச்சர். வழக்கமாக ஜனக்கூட்டமாக நின்று கத்த உபதேசியார் நாலு ஆட்களை வைத்திருப்பார். அந்த வருஷம் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பார்க்க வந்த ஜனங்களையே ஜனங்களாக்கிவிட்டால்? நாடகம் தொடங்குமுன் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தார்: "நான் துண்டத் தூக்குவேன். பரபாஸ வுடு, இவன சிலுவையில அறைன்னு எல்லாரும் கத்தணும். தெரிஞ்சுதா?" எல்லாரும் தெரிந்தது என்று தலையாட்டினார்கள்.

ஆனால் அதற்குள் கசையடிக் காட்சி வந்துவிட்டது. கற்றாழை நார்க் கயிற்றை நனைத்து, தரையில் ஓர் அடி, முதுகில் ஒரு தடவல். சத்தம் மட்டும் பயங்கரம். சிவப்புச் சாயம் வழிந்தது. நிலக்காரரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பிலாத்து எழுந்தார். ஒரு பக்கம் சைக்கிள் கடைக்காரர், இன்னொரு பக்கம் கைகள் கட்டப்பட்டு, முகத்தில் கரி பூசிய அப்பா.

"இவ்விருவரில் யாரை நான் உங்களுக்கு விடுதலை செய்ய வேண்டும்?"

உபதேசியார் துண்டைத் தூக்கினார். பிறகு நிலக்காரரின் மனைவி பாயிலிருந்து எழுந்தே விட்டார்.

"ஐயோ, அவர வுட்ருங்கய்யா! இன்னா பண்ணாரு அவரு? நம்ம சைக்கிள் கடக்காரனப் போயி இந்த அடி அடிக்கிறீங்களே!"

அவ்வளவுதான், கரை உடைந்தது. "அவர வுடு! அவர வுடு!" என்று களமே கத்தியது. யாரோ, "அந்தத் திருடன வுடாத! அவன ஏத்து சிலுவையில!" என்றார்கள். உடனே எல்லாக் கைகளும் அப்பாவை நோக்கி நீண்டன.

அவர்கள் வேஷத்தைத்தான் காட்டினார்கள். எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அத்தனை விரல்கள் ஒரு மனிதனை நோக்கி நீளும்போது வேஷம் எங்கே முடிகிறது, மனிதன் எங்கே தொடங்குகிறான்? கரிக்கு அடியில் அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். முன்வரிசையில் நிலக்காரரின் விரலும் நீண்டிருந்தது.

இந்தச் சாவில் எனக்குப் பங்கில்லை என்று பிலாத்து கை கழுவ வேண்டிய இடம் அது. திரை ஓரத்தில் உபதேசியார் பல்லைக் கடித்தார். "கையக் கழுவுடா! கையக் கழுவு!"

"எதுக்குக் கழுவணும்? அவங்க நியாயமாத்தான சொல்றாங்க?" என்று பிலாத்து திரும்பிக் கேட்டார். களத்தில் ஒரே சிரிப்பு.

நாடகம் நின்றுவிட்டது. இயேசுவை விட்டுவிட்டால் பிறகு என்ன? சிலுவை இல்லை, கல்லறை இல்லை, ஈஸ்டர் இல்லை, எல்லாரும் வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடிக்கலாம். அத்தனை ஜனமும் நல்லது நினைத்து, ஒரே மனதாக, இரட்சிப்பை நிறுத்திவிட்டிருந்தது.

அப்போது சைக்கிள் கடைக்காரர் நடந்தார். எழுதியிராத நடை. நேரே அப்பாவிடம் வந்து, கிரீஸ் நகங்களால் அவர் கைக்கட்டை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது, நேரம் பிடித்தது. களம் தானாக அடங்கியது. பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்கும் அளவில்தான் சொன்னார்:

"போ மாமா. நீ போ. இது எனக்கு வச்சது."

பிறகு பனஞ்சட்டத்தில் செய்த சிலுவையை, யாரும் சுமத்தாமல், தாமே குனிந்து தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

விடுதலையான பரபாஸ் பெரிதாகச் சிரித்துக்கொண்டு ஓட வேண்டும். எத்தனை மாலை பழகிய சிரிப்பு! அப்பா ஓடவில்லை. அவிழ்த்த கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தார். உடம்பு குலுங்கியது.

"இன்னாமா நடிக்கிறான்பா!" என்றது ஒரு குரல்.

சிலுவை நடும் கல்வாரி மலைக்குப் போகும் வழியில் அழ வேண்டியவர்கள் நாங்கள். நான் முன்னதாகவே அழத் தொடங்கிவிட்டேன்.

சனிக்கிழமை கோவில் மணி அடிக்காத நாள். அப்பா மதகடியில் போய் உட்கார்ந்திருந்தார். ஞாயிறு விடியற்காலை பங்குச் சாமியார் வந்து பூசை வைத்தார், மணி அடித்தது, கோவில் களத்தில் வெடி போட்டார்கள். அம்மா கறிக்குழம்பு வைத்தாள். அப்பா இலை முன்னால் உட்கார்ந்தார், எழுந்தார்.

"நான் போயி சொல்லிட்டு வந்துடறேன்" என்றார்.

அம்மா என்ன என்று கேட்கவே இல்லை. "கூடப் போடி" என்று என்னை மட்டும் அனுப்பினாள்.

நிலக்காரர் கழனி வரப்பில் நின்று, படுத்த பயிரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சிரித்தார். "இன்னாடா பரபாஸு! பண்டிக நாளும் அதுவுமா?"

"ஐயா, மதகு நான் அடைக்கலைங்க. ஒத்திகைக்குப் போயிட்டேன். மறந்துட்டேன். ஆட்டுக்காரரு மேல ஒண்ணும் இல்லீங்க. பொய் சொல்லிட்டேன்."

சிரிப்பு அப்படியே முகத்தில் நின்று காய்ந்தது. பிறகு அவர் திட்டினார். அந்த வார்த்தைகளை நான் எழுதப்போவதில்லை, எங்கள் பிறப்பையும் சேர்த்தே திட்டினார். அப்பா குனிந்த தலை நிமிரவில்லை. ஆனால் அவர் தோள்கள் இறங்கியிருந்தன, பாரம் தூக்கியவன் சுமைதாங்கியில் இறக்கிவிட்டு நிற்பானே, அப்படி. வசவு முழுவதும் அந்தத் தோள்கள் மேல் மழையாகப் பெய்து ஓடியது.

திட்டி முடித்து நிலக்காரர் மூச்சு வாங்கினார். கதிர் ஒன்றைப் பிடுங்கி, முளையை நகத்தால் கிள்ளினார்.

"மேலாக் கெடக்கிற கதிரு பாதி தேறும். இந்தச் சேத்துல குனிஞ்சி அறுக்க எவனும் வரமாட்டான். நீ அறு. உன் வூட்ல அத்தினி பேரும் வரணும், கூலி கீலின்னு கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேங்க."

"அந்த ஆட்டுக்காரன்கிட்ட நீயே போயி சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

"சரிங்க." அப்பா நகரவில்லை. "மதகுங்க?"

"வேற எவனுக்குடா அந்த மதகு புடிபடுது? நீதான் பாக்கணும். அடச்சதும் ஈர வேட்டியோட என்னாண்ட வந்து நின்னுட்டுத்தான் வூட்டுக்குப் போவணும். எத்தினி காலமானாலும்."

ஆட்டுக்காரர் எளிதில் விடவில்லை. அப்பா சொல்லச் சொல்ல, கோலைத் தரையில் குத்திக்கொண்டே கேட்டார். "எத்தினி நாளா என்கூட ஒருத்தரும் பேசல தெரியுமா? ஆட்டோட பேசினு கெடந்தேன்" என்றார். பிறகு கோலைத் தோளில் போட்டுக்கொண்டு, "போ. வந்து சொன்னியே" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. போகச் சொன்னார், அவ்வளவுதான். திரும்பும்போது அப்பா வேகமாக நடந்தார். வீட்டில் ஆறிப்போன குழம்பை ஊற்றி, இரண்டாம் முறையும் சோறு கேட்டார். அம்மா சட்டியையே அவர் பக்கம் நகர்த்திவிட்டு, கதவோரம் உட்கார்ந்து அழுதாள். சத்தமில்லாமல், சுகமாக.

தேவ நீதி பற்றி அதன்பிறகு நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். தராசு, தட்டு, நெருப்பு. இந்த வயதில் எனக்குத் தோன்றுவது இது: நீதி அப்பாவைத் தேடி விரலை நீட்டிக்கொண்டு வந்தபோது அவரால் வாய் திறக்க முடியவில்லை. ஒருவர் வந்து கட்டை அவிழ்த்துவிட்ட பிறகுதான் முடிந்தது. விடுதலை முதலில் வந்தது, உண்மை அதன் பின்னால் வந்தது, கூலியில்லா அறுப்பு அதற்கும் பின்னால். நானாயிருந்தால் இந்த வரிசையில் வைத்திருக்க மாட்டேன். உபதேசியார்கூட இந்த வரிசையில் எழுதவில்லை.

திங்கட்கிழமை ஊர் கூடவில்லை. நாங்கள் கழனியில் இருந்தோம். முழங்கால் சேற்றில், படுத்த பயிரைக் கையால் வாரி நிமிர்த்தி, அடியோடு அறுத்தோம். முதுகு ஒடிந்தது. அப்பா பாடிக்கொண்டே அறுத்தார், ஏரிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். உச்சி வேளையில் நிலக்காரரின் மனைவி கூழ்ப்பானையோடு வரப்பில் வந்து நின்றார்.

"யப்பா பரபாஸு! கூழு ஊத்தட்டுமா?"

ஊருக்கு அதுதான் அவர் பெயர் என்று அன்றே ஆகிவிட்டது. சாகும்வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அப்பா அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, கழுவிய கையில் பனையோலைத் தொன்னையை ஏந்தி வந்தார். அந்த அம்மாள் தொடாமல், உயரத் தூக்கித்தான் ஊற்றினார். காலம் அப்படி. அது ஒரே ஈஸ்டரில் மாறவில்லை.

"ஊத்துங்கம்மா," என்றார் அப்பா. "நல்லா ஊத்துங்க. பசிக்குது."